மூலாதாரத்தில் ஒரு பசாம்

எனக்குக் கூப்பிடத் தெரியும், பாடத் தெரியாது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து என் கணவர் இதைச் சொல்லி வருகிறார். ஊர் அதை ஒத்துக்கொண்டது போன தவக்காலத்தில்தான்.

தலைமன்னார்க் கரையில் பெண்களுக்குத் தொண்டை வளர்வதே காற்றில்தான். வள்ளம் கரையை அண்டும்போது, எஞ்சின் சத்தத்தையும் காற்றையும் தாண்டி, கயிற்றை எறியச் சொல்லி நாங்கள் போடும் சத்தம் கடலில் நிற்பவருக்குக் கேட்க வேண்டும். அந்தத் தொண்டையோடுதான் நான் கோயிலுக்கும் போனேன். தவக்காலத்தில் நாங்கள் பசாம் பாடுவோம். ஆண்டவர் பட்ட பாட்டையும் மாதாவின் அழுகையையும் சொல்லும் ஒப்பாரிப் பாட்டுகள் அவை. ஒருவர் முதல் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் கோயிலில் எடுத்துக் கொடுப்பவள் நான். வள்ளத்தைக் கூப்பிடும் உயரத்தில் முதல் அடியை எடுப்பேன். இரண்டாம் அடியில் சனம் எட்டிப் பிடிக்கும். மூன்றாம் அடியில் கழுத்து நரம்பெல்லாம் புடைக்கும். அதற்குப் பிறகு நானும் மைக்கும்தான்.

இது பல வருஷமாக நடந்து வந்தது. நான் அதைச் சனத்தின் சோம்பல் என்றே நினைத்திருந்தேன்.

போன தவக்காலத்தின் தொடக்கத்தில் கோயில் சபை கூடியது. பெரிய வெள்ளிக்கு யாரும் பாடத் தேவையில்லை, பதிவு செய்த பசாமை ஸ்பீக்கரில் போடலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். எனக்குப் பொல்லாத கோபம். வீட்டிலும் கரையிலும் நான் வாயைத் திறந்தால் யாராவது குறுக்கே பேசுவார்கள். அந்த மைக்குக்கு முன்னால் மட்டும்தான் யாரும் பேசுவதில்லை. அந்த இடத்தை ஒரு பெட்டிக்கு விட்டுக்கொடுப்பதா? கடைசியில் பங்குச் சுவாமி நடுவில் வந்தார். இந்த முறையும் நானே எடுக்கலாம், ஆனால் ஸ்பீக்கர் பக்கத்தில் ஆயத்தமாக இருக்கும், என் குரல் மேலே போனால் அதைப் போட்டுவிடுவார்கள் என்று தீர்ப்புச் சொன்னார்.

எங்கள் தெரு முடிவில் ஒரு சங்கீத ரீச்சர் இருந்தார். இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கர்நாடக சங்கீதம் படித்து, குடும்பத்தோடு திரும்பி வந்தவர். என்னைவிட இளையவர். சிரிக்கும்போது எங்கள் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் இந்தியத் தமிழ் பேசுவார். நான் போய் நின்று என் வழக்கைச் சொன்னேன். ஒரு அடி பாடச் சொன்னார். பாடினேன். வெளியே நின்ற கழுதைகளில் ஒன்று உடனே பதில் பாடியது. மன்னாரில் கழுதைக்கா பஞ்சம்?

ரீச்சர் சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

"அக்கா, உங்கட தொண்டையில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் நிலத்தில இல்லை. அதுதான் பிரச்சினை."

"நான் நிலத்திலதானே நிக்கிறன் ரீச்சர்?"

"நிக்கிறீங்கள். இருக்கேல்லை. கீழ இருங்கோ."

சம்மணம் போட்டு உட்கார வைத்தார். முதுகெலும்பின் அடியில், நாம் உட்காரும் இடத்திலேயே, மூலாதாரம் என்று ஒரு சக்கரம் இருக்கிறதாம். அது மண்ணுக்குரிய இடமாம். நாதம் அங்கே பிறந்து மேலே ஏறுகிறதாம். மற்றச் சுரமெல்லாம் 'ச'வை நம்பித்தான் நிற்கின்றன, அந்த 'ச' உட்காருவதற்கு மூலாதாரம் வேண்டும் என்றார். உயரத்துக்குப் போவது பிறகு, முதலில் இறங்கப் பழகுங்கள் என்றார். போனில் தம்புரா ஓசையைப் போட்டுவிட்டு, கீழ் 'ச'வைப் பிடிக்கச் சொன்னார். பிடிப்பேன், இரண்டு மூச்சில் அது மேலே ஏறிவிடும்.

"உக்காருங்கன்னா உக்காரணும். எங்க எழுந்து ஓடுறீங்க?" என்றார். இந்தியத் தமிழ் வந்துவிட்டது. நான் அசையவே இல்லை என்று சத்தியம் செய்தேன். உடம்பு அசையவில்லை, உள்ளே நான் அடுப்பில் வைத்த சோற்றுக்கு ஓடிக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் கணவர் விசாரணை வைத்தார்.

"அந்த மூலாதாரம் எங்க கிடக்கு?"

"குந்துற இடத்தில."

"அப்ப எனக்கு அது திறமா வேலை செய்யுது. நான் குந்தினா எழும்புறதில்லையே."

அது உலகறிந்த விஷயம். ஆனால் அடுத்ததாக, சக்கரம் கிக்கரம் என்று போவது எங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு ஒத்துவருமா என்று ஒரு கல்லைப் போட்டார். எனக்கும் கொஞ்சம் பயம்தான். சுவாமியிடமே போய்க் கேட்டேன்.

"மண்ணிலயிருந்து வந்தனீங்கள், மண்ணுக்குத்தான் போவீங்கள் எண்டு விபூதிப் புதனுக்கு நானே உங்கட நெத்தியில சாம்பல் பூசினனான். இடையில கொஞ்ச நேரம் மண்ணில குந்தினா ஆர் கேக்கிறது?" என்றார்.

அதோடு வீட்டுப் பின்வளவு மணலில் பயிற்சி தொடங்கியது. முழங்கால் மரத்தது, எறும்பு கடித்தது. எறும்புக்கும் மூலாதாரம் எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் ஒரு நாள் பின்னேரம் 'ச' நின்றது. நான் பிடித்து வைக்கவில்லை, அதுவாகவே நின்றது. தொடைக்குக் கீழே மணல் அதிர்வது போல எனக்குப் பட்டது. கடலுக்கோ அடுப்புக்கோ ஓடாமல் நான் முழுதாக ஓரிடத்தில் இருந்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது. அழுததில் சுருதி போய்விட்டது, அது வேறு கதை.

பெரிய வெள்ளி வந்தது. பீடத்தின் முன்னால் பாடுபட்ட ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்தி, சனம் நிலத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தது. மைக் வழக்கம்போல் நின்று பாடும் உயரத்தில் இருந்தது. பக்கத்தில் ஸ்பீக்கர், அதன் பொத்தானுக்கு மேல் சபைக்காரர் ஒருவரின் விரல். நான் மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்ச் சனத்தோடு சனமாகச் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கோயில் திரும்பிப் பார்த்தது. கண்ணை மூடி, கீழே இறங்கி, முதல் அடியை எடுத்தேன்.

யாரும் சேரவில்லை. எட்டிப் பிடிக்கவே பழகிய சனம், இவ்வளவு கீழே பாட்டைத் தேடிப் பழகவில்லை. அரைக்கண்ணால் பார்த்தேன், சபைக்காரரின் விரல் அசைந்தது. 'ச' மேலே ஏறப் பார்த்தது. ஏறினால் இரண்டு அடிக்காவது எல்லோரும் வருவார்கள், எனக்குத் தெரிந்த வழி அதுதான். ஏறவில்லை. அதே இடத்தில் இருந்து இரண்டாம் அடியையும் தனியே பாடினேன்.

மூன்றாம் அடியில் என் தோளோடு ஒட்டினாற்போல் ஒரு கரகரத்த குரல் சேர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அக்கா ஒருவர். கடலுக்குப் போன அவருடைய ஒரே மகன் திரும்பி வராத வருஷத்திலிருந்து அவர் கோயிலில் வாய் திறந்ததை நாங்கள் பார்த்ததில்லை. துக்கத்தில் பாட்டை விட்டுவிட்டார் என்று ஊரே சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். அவர் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்த பெண்கள் வந்தார்கள், பிறகு ஆண்கள் வந்தார்கள். மாதா மகனை மடியில் வாங்கும் கட்டம் வந்தபோது கோயில் முழுக்க ஒரே அடியில் நின்றது. சபைக்காரரும் பாடிக்கொண்டிருந்தார், கை மடியில் இருந்தது.

பாட்டு முடிந்ததும் மைக்கை நிறுத்திவிட்டு அக்கா பக்கம் திரும்பினேன்.

"அக்கா, திரும்பவும் பாடத் தொடங்கிட்டீங்கள்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"நான் எப்ப, பிள்ளை, பாட்டை விட்டனான்? உன்ர உயரத்துக்கு என்னால ஏற ஏலாது. என்ர பிள்ளைக்கு அழத்தான் ஒவ்வொரு வருஷமும் இதில வந்து இருக்கிறனான். நீ மேல போயிட்டா நான் எங்க இருந்து அழுறது?"

நான் எழுந்து, அவர் எழும்ப உதவலாம் என்று கையை நீட்டினேன். அவர் அந்தக் கையைப் பிடித்து என்னைத் திரும்பவும் உட்கார வைத்தார்.

"இரு பிள்ளை," என்றார். "இன்னொண்டு எடு."