ஹெர்மீன் வாசலில் கேட்கும் கேள்வி

“வீட்டுக்குப் புதுசா ஏதாவது வந்துச்சா?” என்று ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார் ஹெர்மீன்.

“வாஷிங் மெஷின்,” என்றாள் அம்மா பெருமையாக. “பழசு பாதி வெளுத்துச்சு, பாதி கிழிச்சுச்சு.”

“அதுல வைஃபை இருக்கு,” என்றான் என் தம்பி ஸகரியா.

ஹெர்மீன் நிமிர்ந்து பார்த்தார். “எப்ப வாங்குனீங்க?”

“சனிக்கிழமை. நேத்துதான் கவனிச்சேன். உங்களுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். பயமாப் போச்சு.”

“இன்னிக்கு நான் கேக்கலைன்னா சொல்லியிருப்பியா?”

“சொல்லியிருப்பேன்.” சற்று நிறுத்தினான். “தெரியல.”

சிரியாவுக்குச் சண்டைக்குப் போக ஆள் சேர்த்ததற்காக ஸகரியா ஐந்தாண்டு சிறையில் இருந்தவன். வெளியே வந்ததும் நீதிமன்றம் கண்காணிப்பு விதித்தது. இணையத்தோடு இணையும் எதுவும் முன்அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று. மீறினால் மறுபடி சிறை.

“துணி தொவைக்கிற பெட்டிம்மா அது! அது யாருக்குக் கடுதாசி போடப் போகுது?” என்றாள் அம்மா.

“எனக்கும் தெரியும்மா. ஆனா மேல சொல்லாம இருக்க முடியாது. இன்னிக்கு நான் மறைச்சா, நாளைக்கு இவன் மறைப்பான்.”

நெதர்லாந்தில் நாங்கள் இருக்கும் டில்பர்க் நகரில் ஸகரியாவைப் போன்றவர்களைக் கண்காணிப்பதுதான் ஹெர்மீனின் வேலை. ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சைக்கிளை எங்கள் தெருவில் நிறுத்த மாட்டார். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமலிருக்க, இரண்டு தெரு தள்ளிப் பூட்டிவிட்டு நடந்து வருவார். அடையாள அட்டை கழுத்தில் தொங்காது, ரொட்டி டப்பாவுக்குள் கிடக்கும். மழைக்குச் சைக்கிள் இருக்கையில் மாட்டும் பிளாஸ்டிக் உறையை மறந்துபோய்க் கையிலேயே வைத்துக்கொண்டு பேசுவார்.

“இந்த ஊர்க்காரங்க விருந்தாளிக்கு ஒரு பிஸ்கட்டக் குடுத்துட்டு டப்பாவ மூடிடுவாங்க,” என்று அம்மா சீண்டுவாள். ஹெர்மீன் மூன்றாவதை எடுத்துக்கொண்டே, “அதான் இங்க வர்றேன்,” என்பார். கோபம் வந்தால் அம்மா எங்கள் தாய்மொழியான பெர்பரில் திட்டுவாள். நான் பாதியை விழுங்கிவிட்டு டச்சில் சொல்வேன். “மீதியையும் சொல்லும்மா, எனக்குச் சம்பளம் அதுக்கும் சேத்துதான்,” என்பார் ஹெர்மீன்.

இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. ஸகரியா சேர்த்துவிட்டவர்களில் இருவர் திரும்பி வரவில்லை. டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த இருவரின் பெயரையும் சொல்வார். “அவங்க அம்மாமார நெனச்சியா இந்த வாரம்?” முதல் வருடம் ஸகரியா எழுந்து பால்கனிக்குப் போய்விடுவான். ஹெர்மீன் அவன் திரும்பி வரும்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். இப்போது அவன் எழுவதில்லை. சில நாள் பதில் சொல்வான். சில நாள் தலையை மட்டும் அசைப்பான்.

வாஷிங் மெஷின் விவகாரம் நீதிபதியிடம் போனது. விசாரணை நாள்வரை அம்மா அந்த மெஷினைத் தொடவில்லை, குளியல் தொட்டியில் கையால் துவைத்தாள். ஸகரியா சிறைக்கு எடுத்துப்போகும் பையைக் கட்டி வைத்தான்.

“இவரை இன்னும் நம்புகிறீர்களா?” என்று கேட்டார் நீதிபதி.

ஹெர்மீன் எழுந்தார். “சொல்லியிருப்பேன்னு மட்டும் சொல்லியிருந்தான்னா நான் நம்பியிருக்க மாட்டேன். தெரியலன்னும் சொன்னான். எங்கிட்ட அவன் கூட்டியோ கொறைச்சோ சொல்லாத மொதப் பேச்சு அது.”

மெஷினின் வைஃபையை எடுத்துவிடச் சொல்லி ஸகரியாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்ததும் அவன் பையைப் பிரித்தான். அம்மா அதிலிருந்த துணிகளைத்தான் முதலில் மெஷினில் போட்டாள்.

கண்காணிப்பு வரும் மார்ச்சில் முடிகிறது. போன வாரம் படியிறங்கும்போது ஹெர்மீன் என்னை நிறுத்தினார்.

“லுப்னா, ஒரு உதவி பண்ணுவியா? மார்ச்சுக்கு அப்புறம் சந்தையில எங்கயாவது என்னைப் பாத்தா, நான் ஹலோ சொல்ல மாட்டேன். எங்க வேலையில நாங்க மொதல்ல சொல்லக் கூடாது. பக்கத்துல இருக்கறவங்க ‘யாரு இது’ன்னு கேட்டா, நீங்க என்ன சொல்வீங்க?”

தலையசைத்தேன்.

“அவன் எப்படி இருக்கான்னு போன் பண்ணிக் கேக்கவும் கூடாது. அதனால, அவன் நல்லா இருந்தான்னா, நீ மொதல்ல கையத் தூக்கு. பேச வேணாம்.”

எப்படி என்று காட்ட, பிளாஸ்டிக் உறை பிடித்திருந்த கையைத் தோள்வரை உயர்த்தினார்.

“இவ்ளோ போதும்.”