ராணி காலத்துப் பெண்ணும் முக்கால் ஏக்கர் மஞ்சள் காடும்

போன புதன்கிழமை சாட்சிக் கையெழுத்துப் போட ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். எனக்கு இது வழக்கமான வேலை. என் முகம் நம்பிக்கையான முகமோ, வேலையில்லாத முகமோ... சுற்று வட்டாரத்தில் பத்திரம் என்றால் என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

நண்பர் செல்வராசுவின் குடும்பத்துக்கு நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மஞ்சள் காடு. அப்பா போய் ஒரு வருஷமாகிறது. காடு முழுக்க இவர் பேருக்கு வர வேண்டுமென்றால், தங்கை மலர்க்கொடி தன் பாதியை விட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? அண்ணன் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுப்பார். தங்கை அதைக் கட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவாள். மதியம் ஓட்டலில் இலைச் சாப்பாடு. சுபம்.

காரில் மலர்க்கொடி ஒரு தடிப் புத்தகத்தில் மூழ்கியிருந்தார். ராசிபுரத்தில் வீட்டோடு விசைத்தறி. அதற்கு நடுவில் தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறார். அடுத்த வாரம் பரீட்சை.

"என்ன புத்தகம்மா?" என்றேன்.

"விக்டோரியா ராணி காலத்து நாவலுங்கண்ணா. அப்பல்லாம் இங்கிலாந்துல கல்யாணம் ஆன அன்னைக்கே பொண்ணோட பொருள் பூராவும் புருசனுதாயிருமாங்க. அவ கதை எழுதிச் சம்பாரிச்சாக்கூட அவனுதுதான்."

செல்வராசு ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "பரவால்லியே, வெள்ளக்காரன் வெவரமாத்தான் இருந்திருக்கான்."

"அப்பறம் சட்டத்த மாத்துனாங்ண்ணா. அதுக்கு முன்னாடியே நாவல்ல எழுதி எழுதி ஊர் மனச அசைச்சுட்டாங்க."

"நம்ம ஊர்ல?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

ஆபீசில் பதிவாளர் தலை நிமிராமல் கேட்டார்: "முழு மனசோடதான் கையெழுத்துப் போடறீங்களாம்மா?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். இத்தனை வருஷத்தில் 'ஆமாங்க' என்பதைத் தவிர வேறு பதிலை நான் கேட்டதில்லை.

"இல்லைங்க."

பதிவாளர் நிமிர்ந்தார். கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"அம்முணி, என்ன வெளையாட்டு இது?" என்றார் செல்வராசு.

"வெளையாட்டில்லண்ணா. முக்கா ஏக்கர் எனக்கு வேணும். நானும் மஞ்சள்தான் போடப் போறேன்."

"அப்ப பொறந்த ஊட்டு ஒறவு வேண்டாமா உனக்கு?"

"வேணும். ரெண்டும் வேணும்." கை பேனாவைத் தொடவில்லை.

"இதுக்கா உன்னப் படிக்கச் சொன்னேன்?"

"வேற எதுக்குண்ணா படிக்கறது?"

செல்வராசு தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் மலர்க்கொடியும் பஸ் ஏறினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பரீட்சை இருக்கிறதே!

எனக்குத்தான் யோசனை ஓடியது. அங்கே கதை முதலில் மாறியது, சட்டம் பின்னால் வந்தது. நம்மிடம் தலைகீழ். பெண்ணுக்கும் சரிபங்கு என்று சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. டிவி சீரியலில் பங்கு கேட்கிற தங்கை இன்னும் வில்லிதான். நல்ல பெண் என்றால் வாய் திறந்து கேட்காதவள் — ராணி காலத்து இலக்கணமும் இதேதானாம். அப்படியானால் நாம் இப்போது எந்த ராணியின் ஆட்சியில் இருக்கிறோம்?

வீட்டுக்கு வந்ததும் மோகனூரில் இருக்கும் என் தங்கைக்கு போன் போட்டேன். இருபது வருஷத்துக்கு முன் எனக்கு அப்படியொரு பத்திரம் எழுதிக் கொடுத்தவள்.

"கண்ணு, அன்னைக்கு முழு மனசோடதான் கையெழுத்துப் போட்டியா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"இல்லண்ணா."

அவளே தொடர்ந்தாள்.

"'நீ கேட்டதே போதும்ணா'ன்னு அழுவேன்னு பாக்கறியா? எம்பங்க எப்பத் திருப்பி எழுதலாம், அதச் சொல்லு."

திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகிறோம்.