‘சரிங்க’ என்றால் சம்மதமா?

இரண்டு வருடங்களுக்கு முன், அன்னூரில் எங்கள் வீட்டில் ஆரம்பித்த வம்பு இது. கல்யாணப் பெண்களின் பட்டுச் சேலைக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்து, அயர்ன் செய்து, பின் குத்திக் கொடுப்பது என் தொழில். தெரிந்தவர்கள் சொல்லி வரும் பெண்களுக்கு மட்டும்தான் செய்வேன். முகூர்த்த மாதத்தில் அதற்கே நேரம் போதாது.

அப்படியொரு நாளில் ஒரு போன். ஏதோ ஆன்லைன் டைரக்டரியாம். எங்கேயோ கிடைத்த என் விலாசத்தைப் படித்துக்காட்டி, என் தொழிலை அதில் சேர்க்கலாமா என்று மூச்சு விடாமல் பேசினான் ஒருவன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கண்ணைச் சேலையில் வைத்தபடி, “சரிங்க... சரிங்க...” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், “அதெல்லாம் வேண்டாமுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, கண்ட கண்ட ஆண்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். “நேர்ல வந்து கட்டி விடுவீங்களா?” என்று ஒருவன் இளித்தான். அந்த டைரக்டரியில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் என் பெயர், நம்பர், கதவு எண் எல்லாம் வந்து நிற்கிறது! நான் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், அந்த விலாசத்தைப் பார்த்து எவனோ வந்து கேட்டைத் தட்டியிருக்கிறான். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் தனியாக இருந்தாள். “அம்மா வர்ற வரைக்கும் உள்ள வந்து உக்காரட்டுமா?” என்று கேட்டானாம். கதவைத் தாழ்போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். நான் ஓடி வருவதற்குள் அவன் போய்விட்டிருந்தான்.

“பேசாம நம்பரை மாத்திப்போடலாம் அம்மணி” என்றார் கணவர்.

“நானெதுக்குங்க மாத்தோணும்? ஊட்டையும் மாத்திப்போடலாமா?” என்றேன்.

மறுநாளே மகளையும் கூட்டிக்கொண்டு, கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருந்த அந்த டைரக்டரி அலுவலகத்துக்குப் போனேன். மேனேஜர் சின்ன வயசு, வெளியூர்க்காரர். ரொம்பப் பணிவாக அன்றைக்குப் பேசிய ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினார். அதில் நீளத்துக்கும் என் “சரிங்க”தான். “நீங்களே சம்மதிச்சிருக்கீங்களே மேடம்?” என்றார்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “ஏனுங்க தம்பி, எங்கூர்ல சரிங்கன்னா கேட்டுட்டு இருக்கறமுன்னு அர்த்தமுங்க. சம்மதமுன்னு ஆருங்க சொன்னது? நிறுத்தாம கடைசி வரைக்கும் போடுங்க.”

கடைசியில் “வேண்டாமுங்க” என்பது கணீரென்று கேட்டது. பக்கத்து மேஜைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதும் அவர், தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுங்கள், பார்க்கலாம் என்று இழுத்தார்.

“சரி, அதுவரைக்கும் உங்க ஊட்டு விலாசத்தைச் சொல்லுங்க. எம்பட விலாசத்துக்குக் கீழயே அதையும் போட்டுப்போடலாம்” என்றேன்.

“அது பர்சனல் மேடம்” என்று சட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

நான் நாற்காலியை விட்டு எழவே இல்லை. சாயங்காலத்துக்குள் என் விவரத்தை எடுத்துவிட்டார்கள். அங்கிருந்து காப்பியடித்த வேறு சில தளங்களில் இன்னும் இருக்கிறது. அவர்களையும் நான் விடுவதாக இல்லை.

இன்றைக்கும் அதே நம்பர்தான், அதே வீடுதான். பயந்து ஒளிய வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்பதை என் மகள் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால், நானும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.