குண்டலுபேட்டை மேல் விழுந்த சந்தேகம்

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் பூ மொத்த வியாபாரம் எனக்கு; பூ எடுப்பது குண்டலுபேட்டை ஏலத்தில். போன மழைக்காலத்தில் நீர் பிரியும்போது எரிச்சல் வந்தது. கடையில் உட்கார்ந்தால் அடியில் கூழாங்கல்லை வைத்ததுபோல் வலி. பக்கத்துக் கடைக்காரர் என் நடையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சூடுங்ணா. எளநி அடிங்க, எல்லாம் எறங்கீரும்."

எளநீர் குடித்தேன். பார்லிக் கஞ்சி குடித்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குக் குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மனைவியை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். தனியாகப் போயிருக்கலாம்.

பரிசோதித்த டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ஹொரகடெ சம்பந்தா ஏனாத்ரூ இதியா?" வெளியில் பெண் தொடர்பு உண்டா என்று கேட்கிறார். கேள்வி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று விளங்காமல் ஒரு மூச்சு திகைத்து, பிறகுதான் "இல்லீங்க" என்றேன். அந்த ஒரு மூச்சை என் மனைவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சிறுநீரையும் ரத்தத்தையும் சோதனைக்கு எடுத்தார்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி, அது வீங்கியிருக்கிறது, வாரக்கணக்கில் மாத்திரை போட வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "ஏனுங்க, காத்தால எடுக்கற செண்டுமல்லிக்கு எதுக்கு முந்துன நாளே குண்டலுபேட்ட போறீங்க?"

"வெடியறதுக்குள்ள ஏலம் முடிஞ்சுருமே, புள்ள."

"அப்ப ராத்திரி எங்க படுக்கறீங்க?"

"குடோன்ல. டிரைவர் கூட."

"டிரைவர் உங்களுக்குத்தான் பேசுவான்."

என் வேட்டிகள் தனி வாளிக்குப் போயின. மாத்திரை விழுங்கும்போதெல்லாம் சமையலறையிலிருந்து ஒரு பார்வை வரும். எரிச்சல் சில நாளில் அடங்கிவிட்டது. ஆனாலும் மாத்திரை அட்டை தீரவில்லை.

"நீர்க்கடுப்புக்கு இத்தன மாத்திரையா? அந்த மாதிரி சீக்குக்குத்தான் இப்பிடிக் குடுப்பாங்களாம். கௌதள்ளில இருந்து எங்கக்கா போன்ல சொல்லுது."

அவளுக்கு அக்கா சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மாத்திரை இருப்பதால்தானே சந்தேகம், நிறுத்திவிட்டால் சீக்கே இல்லை என்றாகிவிடும் என்று எனக்கும் புத்தி போயிற்று. நிறுத்தினேன். அடுத்த வாரமே கட்டில் ஆடும்படி நடுக்கம். நீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது.

இந்த முறை என்னைப் பேசவிடாமல் அவளே டாக்டரைப் பிடித்துக்கொண்டாள். "ஒளிக்காம சொல்லுங்க சார், இது எங்கிருந்து வந்துது?"

அவர் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். "சோதனைல வந்தது எல்லார் குடல்லயும் இருக்கற கிருமிம்மா. அது மூத்திரப் பாதைல ஏறி அந்தச் சுரப்பில ஒக்காந்துருக்கு. கெட்ட தொடர்பாலயும் இது வரலாம், அதான் எல்லாரையும் கேக்கறேன். இவருக்கு அப்பிடித் தொடர்பால வர்ற கிருமி இல்ல. மாத்திரைய நிறுத்துனாரு, திரும்பி வந்துது. தண்ணி குடிக்கறாரா? மூத்திரத்த அடக்கி வெக்கறாரா? அடக்குனாலும் கிருமி ஏறும்."

வெளியே வந்ததும் அவள் சொன்னது: "டாக்டரும் ஆம்பளதானே."

உடம்பு தேறி மறுபடி பூ எடுக்கக் கிளம்பியபோது எனக்கு முன்னால் டெம்போவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். குண்டலுபேட்டையில் குடோனைப் பார்த்தாள், அங்கே கிடந்த கோணிகளைப் புரட்டிப் பார்த்தாள். டீக்கடைக்காரம்மா என்னை "அண்ணா" என்று கூப்பிட்டதை நம்பாமல் இன்னொரு டீ சொல்லி, இன்னொரு தடவை கூப்பிடுகிறாரா என்று காத்திருந்தாள். கூப்பிட்டார்.

திரும்பும்போது தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"ஏன்?"

"குடிச்சா வழியில நிறுத்தோணும். பூ வாடீரும்."

"அப்ப காத்தாலருந்து போகவே இல்லியா?"

"மார்க்கெட் போய்த்தான்."

"எப்பவுமே இப்பிடித்தானா?"

டிரைவர் முந்திக்கொண்டான். "இத்தன வருசமா அண்ணன் எங்கயும் எறங்குனதே இல்லீங்க்கா. நான் எறங்குனாலும் திட்டுவாரு."

அவன் எனக்குத்தான் பேசுவான் என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஓரமா நிறுத்து தம்பி," என்றாள்.

"அக்கா, பூவு..."

"வாடுனா வாடட்டும், நிறுத்து."

புதர் மறைவுக்குப் போய்விட்டு வந்தேன். என் சீட்டில் ஒரு கோணியை நாலாக மடித்துப் போட்டிருந்தாள். உட்கார்ந்ததும் மாத்திரையும் பாட்டிலும் கைக்கு வந்தன.

"நம்பிட்டேன்னு நெனச்சுக்காதீங்க," என்றாள். "மாத்திர தீர்ற வரைக்கும் நானும் வருவேன்."

குடித்தேன். முழு பாட்டிலும் காலியாகும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.