சாட்சிக்காகக் காத்திருந்த மீன்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பூனாவிலிருந்து முல்ஷி பக்கம் போய், அணைத்தண்ணீர் தேங்கி நிற்கும் ஓரமாக உட்கார்ந்து தூண்டில் போடுவோம். மீன் மாட்டினால் முள்ளைப் பதமாகக் கழற்றி, மறுபடியும் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். திரும்பும் வழியில் பிம்ப்ரி மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தி நான் சுர்மை வாங்குவேன். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பார்கள், எங்கள் தூத்துக்குடியில் சீலா. "பிடிச்ச மீன விட்டுட்டு வேற மீன விலைக்கு வாங்கிட்டு வார ஒரே ஆளு நீதாம்ட்டி" என்று என் வீட்டுக்காரர் வாராவாரம் சொல்வார். சொல்லிக்கொண்டே பையை வாங்கி மீனைக் கழுவப் போவார்.

நாங்கள் மூன்று பேர். நான் சாகணில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வண்டிக்குப் போகிற உதிரிபாகம் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்கித் தள்ளுவது. இதனால் என் குணமும் கொஞ்சம் கெட்டுப்போய்விட்டது என்று வீட்டில் ஒரு கருத்து உண்டு. இரண்டாவது ஆள் விமான் நகரில் ஐ.டி. வேலை பார்க்கிற கோயம்புத்தூர்த் தம்பி. தூண்டில் கம்பு, ரீல், குளிர்கண்ணாடி, தொப்பி என்று அவன் உடம்பில் ஏறியிருக்கும் சாமானைப் பார்த்தால் மீன்கள் தாமாகவே கரைக்கு வந்துவிடும் போலிருக்கும். வந்ததில்லை.

மூன்றாவது ஆள் பேங்க் சார். அரசு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பூனாவுக்கு வந்து அரை வாழ்க்கை போய்விட்டது. பரம்பரை பரம்பரையாக மீன் வாசனையே அறியாத வீடு அவருடையது. முட்டை சேர்த்திருக்கிறதா என்று கேட்காமல் கேக் தொடமாட்டார். அவர் தூண்டில் போடுவதற்கு அவர் வீட்டு மாமி சம்மதித்திருந்தார். ஆனால் கம்பு கார் டிக்கியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, குளித்துவிட்டுத்தான் அடுக்களைப் பக்கம் தலைகாட்ட வேண்டும். புழு, இறால் எதையும் அவர் தொடுவதில்லை. கோதுமை மாவைப் பிசைந்து, அதில் பெருங்காயம் போட்டு உருட்டுவார். மாமி சாம்பாருக்கு வைத்திருக்கும் அதே கட்டிப் பெருங்காயம். எங்கள் மூவரில் அதிகம் மீன் பிடிப்பவர் அவர்தான்.

எதற்காகப் பிடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அது வரும்போது கையில ஒரு உதறல் தெரியறதே, அதுக்காகத்தான்" என்றார். இத்தனை வருஷத்தில் தன் கையில் ஒரு மீன்கூடச் சாகவில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அதை மட்டும் யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வார். முள்ளின் உள்பக்கம் பின்னோக்கி நிற்கும் குத்தலைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டுத்தான் தண்ணீரில் போடுவார், கழற்றும்போது வாய் கிழியக் கூடாது என்று. மெல்லிய தங்கூசி நரம்புதான் கட்டுவார். தடித்த நரம்பைப் போட்டு இழுத்தால் மீனுக்குத் தப்பிக்க வாய்ப்பே இல்லை, அது நியாயமில்லை என்பார். கையை நனைத்துக்கொள்ளாமல் மீனைத் தொட்டால் எங்களைத் திட்டுவார்.

எங்களுக்குள் சாட்சி விதி வந்ததற்குக் காரணம் விமான் நகர்த் தம்பி. அவன் பிடித்த மீன்கள் தண்ணீருக்குத் திரும்பிப் போன பிறகு வளர ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை முழங்கை அளவு இருந்தது புதன்கிழமை வாட்ஸ்அப்பில் இடுப்பளவு ஆகும். போட்டோ கேட்டால் இரண்டு கையையும் கேமராவுக்கு முன்னால் நீட்டி, மீன் பெரிதாகவும் தான் சின்னதாகவும் தெரிகிற மாதிரி ஒன்றை அனுப்புவான். முதுகில் முள் குத்தி வந்த மீனைக்கூட வாயில் மாட்டியது என்று சாதித்தான். மீன் தானாக வாய் திறந்து எடுத்தால்தான் அது பிடித்த மீன். முதுகிலோ வயிற்றிலோ குத்தி இழுத்து வந்தால் கணக்கில் சேராது. தூண்டில்காரர்கள் எல்லா ஊரிலும் மதிக்கிற வழக்கம் இது.

பேங்க் சார் யோசித்தார். "லாக்கர் ரூமுக்கே ரெண்டு சாவி வேணும். ஒருத்தர் சொல்றதை மட்டும் வெச்சுண்டு எதையும் ஒத்துக்கப்படாது" என்றார். பிடித்தவர் தவிர மற்ற இருவரும் நேரில் பார்க்க வேண்டும், முள் வாயில் இருப்பது தெரியப் போட்டோ எடுக்க வேண்டும், அளவுப் பலகையில் வைத்து அளக்க வேண்டும், அப்புறம்தான் விட வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. பலகையை நானே கம்பெனி ஸ்கேலை வைத்துச் சரிபார்த்துக் கொடுத்தேன். தம்பியின் மீன்கள் வளர்வது அன்றோடு நின்றது.

பேங்க் சாருக்கு ஒரே ஒரு மீன் மட்டும் பாக்கி. மஹசீர். கெண்டை இனம்தான், ஆனால் உள்ளங்கை அகலச் செதிலும் தடித்த உதடும் இழுப்பில் ஒரு முரட்டுத்தனமும் உண்டு. மராட்டிக்காரர்கள் கடஸ் என்பார்கள். எனக்கு மாட்டியிருக்கிறது. தம்பிக்குக்கூட ஒரு குட்டி மாட்டியது, நானும் சாருமே சாட்சி. சாருக்கு மட்டும் ரோகுவும் சிலாப்பியும்தான் வந்துகொண்டிருந்தன.

அது மே மாதம். கோடையில் தண்ணீர் வற்றிச் சூடேறிவிடும், மீனுக்கு மூச்சு போதாது. அதனால் வெயில் ஏறுமுன் கரையை விட்டு எழுந்துவிடுவது என்று வைத்திருந்தோம். அன்றும் எழுந்துவிட்டோம். தம்பி ஏற்கெனவே சாமான்களைக் காரில் ஏற்றப் போயிருந்தான். சார் கடைசி உருண்டையை எடுக்க ரீலைச் சுற்றியபோது கம்பு வளைந்தது.

இழுத்த இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. மெல்லிய தங்கூசி, அவசரப்பட்டால் அறுந்துவிடும். அது ஓடினால் விட்டுக்கொடுத்து, நின்றால் சுற்றி, மறுபடி விட்டுக்கொடுத்து, சார் சட்டையெல்லாம் நனைந்து நின்றார். சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கைவலையில் அதை ஏந்தியது நான்தான். வெயில் சுள்ளென்று ஏறிவிட்டிருந்தது. மீன் தளர்ந்திருந்தது. பொன்னிறச் செதில், உதட்டின் நடுவில் முள். பார்த்த மாத்திரத்தில் சொன்னேன்: "வாயிலதான் இருக்கு சார். நான் பாத்துட்டம்லா. விட்டுருங்க."

"அவன் பாக்கணும்."

"நான் பாத்தா போதாதா? அது ரொம்ப நேரம் ஓடியிருக்கு சார்."

"எனக்குன்னு வரும்போது மட்டும் ஒரு சாட்சி போறும்னா, அவன்கிட்ட எந்த முகத்தை வெச்சுண்டு கேக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. இவர் பொய் சொல்லமாட்டார் என்று தம்பிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த அணைக்கே தெரியும். அவர் மட்டும் தன்னை நம்பமாட்டேன் என்று நின்றால் என்ன செய்வது? தம்பியைக் கத்திக் கூப்பிட்டேன். அவன் மேட்டிலிருந்து இறங்கி ஓடி வந்தான். பலகை காரில் இருந்தது. திரும்ப ஓடினான். நாங்கள் வலையைத் தண்ணீரில் தாழ்த்தியே வைத்திருந்தோம், கரையோரம் அந்தத் தண்ணீர் பருப்பு வேக வைக்கலாம் போல இருந்தது. பலகை வந்தது. ஈரக்கையால் தம்பியின் போன் திறக்க மறுத்தது. சட்டையில் துடைத்தான், சட்டையும் ஈரம். சார் மீனை இரண்டு கையிலும் ஏந்தி, முள் தெரியத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். செவுள் திறந்து திறந்து மூடியது.

"ஆச்சுங்க சார், எடுத்துட்டேனுங்க. செம சைஸுங்க!" என்றான் தம்பி. அன்று அவன் ஒரு அங்குலம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

சார் முள்ளைக் கழற்றினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மீனை நிமிர்த்திப் பிடித்தார். தளர்ந்த மீனை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் மூச்சு திரும்பியதும் தானே உதறிக்கொண்டு போய்விடும். எத்தனையோ மீன்கள் அப்படி அவர் கையிலிருந்து போயிருக்கின்றன. இது போகவில்லை. கையை எடுத்தால் பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டியது. அவர் மறுபடி நிமிர்த்தினார். மறுபடி சாய்ந்தது. இன்னும் ஆழத்துக்குப் போய் நின்று அதனிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பேரக்குழந்தை இருக்கிறது. அதை அவர் தூங்க வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"போதுங்க சார்," என்றான் தம்பி. "வாங்க, மேல வாங்க."

சார் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். மெல்லிய தங்கூசி நியாயம், சாட்சி நியாயம், அளவு நியாயம். எல்லாம் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் நியாயமாக இருப்பதற்கு ஏற்படுத்திக்கொண்டது. மீனை யாரும் கேட்கவில்லை.

கரையேறியபோது அது அவர் கையில் இருந்தது. அங்கேயே விட்டால் பறவைகள் பார்த்துக்கொள்ளும் என்றான் தம்பி. சார் என்னைப் பார்த்து, "நீங்க சமைப்பேளோன்னோ?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மீனை வேண்டாம் என்றேன். "அநியாயமா செத்துட்டு சார். இத எப்படித் திங்க?"

"தூக்கிப் போட்டா, வெறுமனே கொன்னதா ஆயிடும்" என்றார். பிறகு, "நானும் உங்காத்துக்கு வரேன்" என்றார். எனக்குச் சட்டென்று புரியவில்லை.

மோஷியில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் புரிந்தது, அவர் சாப்பிட வந்திருக்கிறார் என்று. என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். கிண்டல் ஏதாவது வரும் என்று முறைத்துக்கொண்டே சொன்னேன். அவர் மீனை வாங்கிக்கொண்டு கழுவப் போனார். தேங்காய் அரைத்துவிட்டுப் புளிக்குழம்பு வைத்தேன், இரண்டு துண்டை மிளகாய் தடவிப் பொரித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று சாருக்குத் தனியாகப் பருப்பும் தயிரும் எடுத்து வைத்தேன். அதை அவர் ஒதுக்கி வைத்தார். மாமியிடம் போனில், "இன்னிக்கு வெளியில சாப்டறேன். வந்து சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

மஹசீரில் முள் அதிகம், அதுவும் இரண்டாகப் பிரிகிற பொடி முள். அவருக்கு எப்படிச் சாப்பிடுவது என்றே தெரியவில்லை. பொரித்த துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டு, அந்தத் துண்டைப் பிட்டு, விரல் நுனியால் தடவித் தடவி முள்ளை எடுத்து, சதையை மட்டும் தட்டின் ஓரத்தில் சேர்த்தார். "இப்பம் சாப்பிடுங்க சார். மெதுவா."

தண்டனை என்று நினைத்துத்தான் அவர் அதை வாயில் வைத்திருக்க வேண்டும். குமட்டும், விழுங்க முடியாது, அந்த வேதனையில் பாவம் கொஞ்சம் கழிந்துபோகும் என்று எண்ணியிருப்பார். நானும் செம்பில் தண்ணீரோடு தயாராக நின்றேன். அவர் மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்று விழுங்கினார்.

"நன்னா இருக்கே" என்றார்.

சொல்லிவிட்டு அழுதார். தண்ணீருக்குள் நின்றபோது அழாத மனிதர். கண்ணாடியைக் கழற்றக்கூடத் தோன்றாமல், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அழுதார். நான் செம்பை அவர் பக்கத்தில் வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு விருந்தாளி தட்டு காலியாக இருந்தால் பொறுக்காது, துக்க வீடானாலும் அப்படித்தான்.

"இன்னொரு துண்டு வைக்கட்டா சார்?"

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.