தாடைக்குள் ஒரு திருட்டு இணைப்பு

பல் மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். அனுதாபம் தேடி அல்ல. நான் செய்த முட்டாள்தனத்தை நீங்களும் செய்ய வேண்டாம்.

முகம் மழிக்கும்போது இடது கீழ்த்தாடையில் ஒரு மேடு தட்டுப்பட்டது. வலி இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு பல் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "சாதாரண நீர்க்கட்டிதான் சார், சுரண்டிட்டா முடிஞ்சுது" என்றார். சுரண்டினார்.

நான் குடிநீர் இணைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கையொப்பம் குறைந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பியவன். அன்றும் மருந்துச் சீட்டில் முத்திரை இல்லை என்று, வாயில் பஞ்சோடு சைகை காட்டிப் போடவைத்தேன். சுரண்டிய சதை எங்கே என்று கேட்கவில்லை. அது குப்பைக் கூடைக்குப் போயிருந்தது.

பதினோரு மாதத்தில் மேடு திரும்பியது. திருச்சியில் பெரிய மருத்துவமனையில் பயாப்சி (சதைத் துண்டைச் சோதிப்பது) செய்தார்கள். அமிலோபிளாஸ்டோமா (பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து வளரும் கட்டி, பெரும்பாலும் புற்று அல்ல, ஆனால் எலும்பைத் தின்னும்).

"தாடையில ஒரு பகுதியை எடுத்துட்டு தகடு வைக்கணும் சார்" என்றார் அறுவை மருத்துவர், என் மகள் வயதுப் பெண். "ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணின்னு ஒரு புரதம் இருக்கு. நீர்க்கட்டியிலயும் இருக்கும், இந்த மாதிரிக் கட்டியில பெரும்பாலும் ஜாஸ்தி. புதுசு புதுசா ரத்தக்குழாயைத் தன் பக்கம் இழுத்துக்கும்."

"மெயின் குழாயில திருட்டு கனெக்‌ஷன்."

"அதேதான் சார்!" சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அந்தப் புரதத்தை மருந்தால நிறுத்த முடியாதாம்மா?"

"ஆராய்ச்சியிலதான் இருக்கு. இப்போதைக்கு வெட்டறதுதான்."

"முதல் தடவையே சோதிச்சிருந்தா?"

"சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சிருக்கும்" என்றார், என் முகத்தைப் பாராமல்.

வெட்டினார்கள். விசாரிக்க வந்தவர்கள் "பெருமாள் பாத்துப்பார்" என்றார்கள். என் தாடையை வைத்த கண் வாங்காமல் பார்த்ததென்னவோ அவர்கள்தான்.

கீழுதட்டின் இடப்பக்கம் மரத்துவிட்டது. காபி வழிந்தாலும் எனக்குத் தெரியாது. "ஏங்க, துடைங்க" என்று மனைவி சொன்ன பிறகுதான் அப்படியோர் இடம் எனக்கு இருப்பதே நினைவுக்கு வருகிறது.

கட்டி மறுபடி வரலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு எக்ஸ்ரே. ஆயுளைத் தவணை முறையில் நீட்டித்துத் தருகிறார்கள். சென்ற வாரப் படத்தில் எலும்பின் விளிம்பு சுத்தமாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை பார்த்தேன்.

அறிக்கையில் முத்திரை இருந்ததா என்று வீட்டில் மனைவி கேட்டாள். நான் கவனிக்கவில்லை.