ஓஸில் அப்பிய சோப்பு

பெட்ரோல் ஒழுகுகிறதென்று அண்ணாமலை நகர்ப் பேராசிரியர் ஒருவர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கடலூரில் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பெட்ரோல் வரும் ரப்பர் ஓஸ் பைப்பைக் கழற்றினேன். வெடிப்பில் யாரோ துணி சோப்பை அப்பியிருந்தார்கள். பெட்ரோலும் சோப்பும் கலந்த அந்த வாசனையில் அம்மா நினைவுக்கு வந்துவிட்டாள்.

அப்பா கீரப்பாளையத்தில் வாடகைக் கார் ஓட்டினார். ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு அக்காவைப் பிரசவத்துக்குச் சிதம்பரம் அழைத்துப்போகக் காரில் ஏற்றியிருந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"வண்டிய எடுக்காதீங்க. பெட்ரோல் ஒழுவுது."

"இன்ஜினப் பத்தி உனக்கு என்னாடி தெரியும்?"

"மூக்கு இருக்குது, போதும். மொதல்ல பீடிய அணைங்க."

வெடித்த ஓஸில் சோப்பைப் பிசைந்து அப்பி, கந்தைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். சொட்டு நின்றது. அக்கா நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள், பெண் குழந்தை.

கார் திரும்பியதும் அம்மா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சோப்பு அவசரத்துக்குத்தான். புது ஓஸ் மாட்டிட்டு சாவியக் கேளுங்க." இரண்டு சவாரி கைவிட்டுப் போயும் அவள் தரவில்லை.

"ஒழுகுறத மட்டும் மாத்துங்க, நான் கிளம்பணும்" என்றார் பேராசிரியர். மடக்கிப் பார்த்தேன், மற்ற ஓஸ்களிலும் வெடிப்பு தெரிந்தது. படித்தவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. கார் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஓஸைக் கழற்றினேன்.